என் மெயிலை எளிமையாக்கிய மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் கம்ப்யூட்டரில் கைவைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லோருமே நலமாகத்தான் இருக்கிறார்கள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முறைக்காகக் கேட்டுவைக்கிறேன். குறைந்திருந்தால் சந்தோஷம். குறையவில்லை என்றால், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிறத்தியார் வாழ்க்கையை எளிமையாக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்.

இந்தக் காலத்தில் எவன் தாளில் கடிதம் எழுதுகிறான் என்று உன் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மெயிலில் எழுதினால் அது உனக்கு வந்து சேருமா, சேர்ந்தாலும் நான் எழுதியபடி சேருமா என்பதற்கு எனக்கு உத்தரவாதம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன் அத்தான், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். மேலும் கோபத்தில் பேசினால் எனக்கு நாக்குக் குழறும், எழுதினால் குழறாது. ஆகவே உட்கார்ந்து பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

முதலில் நீ செய்த நன்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று இத்தனை காலம் உறவாடியும் உனக்குச் சரியாகத் தெரியாது. "புத்தகத்துக் கடைசியில இருக்குமே, அந்த லிஸ்ட்டா அத்தான்?" என்று கேட்டவன் நீ. ஆமாம், அந்த லிஸ்ட்தான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் போடுகிற சொல்லடைவு. இருக்கும்போது ஒருவரும் பார்க்க மாட்டார்கள், இல்லாவிட்டால் மட்டும் திட்டுவார்கள். மாமனார் வீட்டில் என் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் எனக்கு அந்தத் தொழில் பழகிவிட்டது. அதற்கு வசதியாக இருக்கும் என்று வெறும் எழுத்தைத் தட்டித் திருத்துகிற ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை நீ என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாய். ஒரு கட்டளை கொடுத்தால் ஆயிரம் வரியையும் அகர வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அன்று உன்னை நான் வாயாரப் புகழ்ந்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். உன்னைப் புகழ்ந்தால் நீ சும்மா இருக்க மாட்டாய் என்று உன் அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

அடுத்த தடவை வந்தபோது என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அத்தான், நாள் பூரா இந்த எடிட்டர்லதான் இருக்கீங்க. மெயில் பாக்க மட்டும் எதுக்கு வெளிய போறீங்க? இதுக்குள்ளயே ஒரு ப்ளக்இன் போட்டுட்டா மெயிலெல்லாம் இங்கயே வந்துரும்" என்றாய். "வெளியன்னா தெருவுக்கா போறேன், பக்கத்துச் சன்னலுக்குத்தானடா போறேன்" என்றேன். கேட்டாயா? இரண்டு நாள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ப்ளக்இன்னுக்குத் தமிழில் செருகுநிரல் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பொருத்தமான பெயர். செருகியது நீ, செருகப்பட்டது நான். என்னுடைய பழைய பாஸ்வேர்டு "ரொம்ப லேசு" என்று சொல்லி, மனிதர் எவரும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாத ஒன்றைப் போட்டு, அதை ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலைப் பூட்டி, பூட்டின சாவியை ப்ளக்இன் கையில் கொடுத்தாய். பிரவுசரில் பழையபடி பார்க்கிற வழியையும் எடுத்துவிட்டாய். "அது இருந்தா பழக்க தோஷத்துல திரும்பிப் போயிருவீங்க அத்தான்." என் போனோ வெறும் பட்டன் போன். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று என் மெயில் மொத்தமும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மற்ற எவனுக்காவது இதைச் செய்திருந்தால் வேடிக்கை என்று விட்டிருக்கலாம். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் மெயில் ஒன்றுதான் மிச்சம் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தாய். உன் அக்கா போன பிறகு அவள் என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு போனை எடுத்தாலே சண்டை. சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிப்பாள், ஏன் கேட்கிறாய் என்று நான் முடிப்பேன். ஒருநாள், "அப்பா, இனிமே போன் வேண்டாம். பேசினா சண்டைதான் வருது. நான் மெயில் போடுறேன். நிதானமாப் படிச்சுட்டு நிதானமா பதில் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் நினைத்தேன். அந்த ஏற்பாட்டின் நடுவில் நீ வந்து கதவு போட்டாய்.

சரி, கதையைக் கேள். உன் ப்ளக்இன்னில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ஒன்றைத் தட்டினால் மெயில் ஓரமாகப் போகும், அதன் பக்கத்து எழுத்தைத் தட்டினால் ஒரேயடியாகப் போகும். எவன் யோசித்த யோசனையோ, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எலி மருந்தை வைத்தது மாதிரி. முதல் வாரம், பதில் எழுதுகிற இடம் திறந்துவிட்டது என்று நினைத்து, பதிப்பக மேலாளருக்கு "ஐயா, வணக்கம்" என்று தட்ட ஆரம்பித்தேன். பதில் எழுதும் இடம் திறந்திருக்கவில்லை. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சில மெயில்கள் அழிந்தன, சில எங்கேயோ போய் ஒளிந்தன, பல் மருத்துவர் எனக்கு அனுப்பியிருந்த நினைவூட்டல் மேலாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மரியாதைக்காரர், "உங்கள் பல் சரியாகட்டும்" என்று பதில் போட்டார். அந்தப் பதிலையும் நான் அழித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கான உடற்கூறுப் புத்தகம், அதற்குச் சொல்லடைவு செய்துகொண்டிருந்தேன். எல்லாமே ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதானே உன் கொள்கை, அப்படியே எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. மேலாளரின் மெயிலிலிருந்து ஒரு திருத்தத்தை எடுக்கப்போய் மெயிலையே முழுசாகக் கொண்டுவந்து சொல்லடைவு ஃபைலுக்குள் கொட்டியிருக்கிறேன். அது தெரியாமல் வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். அது ஒழுங்காக, மனசாட்சியோடு, அவருடைய மெயிலையும் வரி வரியாகப் பிரித்து அகர வரிசையில் உறுப்புகளுக்கு நடுவே சொருகிவிட்டது. நான் ஃபைலை அனுப்பினேன். மறுநாள் அவர் போன் செய்தார். "சார், எச்சில் சுரப்பிக்கும் எலும்புக்கும் நடுவுல 'எப்போது அனுப்புவீர்கள்'னு ஒரு உறுப்பு போட்டிருக்கீங்களே, அது உடம்புல எந்தப் பக்கம் சார் இருக்கு?" என்றார். அகர வரிசைப்படி அது இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் அதற்கப்புறம் அவர் எனக்கு அனுப்புகிற புத்தகங்கள் மெலிந்துகொண்டே வருகின்றன.

நடுவில் ஒருநாள் மெயில் வருவதே நின்றுபோனது. உன்னைக் கூப்பிட்டேன். "மோடத்த ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அத்தான்." செய்தேன். "எடிட்டர மூடித் திறங்க." செய்தேன். "கான்ஃபிக் ஃபைல்ல எங்கயோ ஒரு அடைப்புக்குறி விட்டிருப்பீங்க, பாருங்க." ப்ளக்இன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவைக்கிற அந்த ஃபைலை நீதானே எழுதினாய், நான் எப்படி அடைப்புக்குறியை விட முடியும் என்றேன். "அப்ப நான் மீட்டிங் முடிச்சுட்டு வரேன்" என்றாய். வரவில்லை. அந்த ப்ளக்இன்னை உபயோகிக்கிறவர்கள் கூடுகிற குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது, அங்கே கேட்டால் உடனே பதில் கிடைக்கும் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய். போய்க் கேட்டேன். முதலில் ஒருவர் வந்து எந்த வெர்ஷன் என்றார். சொன்னேன். அவர் போய்விட்டார். இன்னொருவர் கையேட்டைப் படித்தீர்களா என்றார். படித்தேன் என்றேன். எந்தக் கையேட்டை என்றார். மூன்றாமவர், தான் இந்த ப்ளக்இன்னை விட்டுத் தொலைத்து வேறொன்றுக்கு மாறிய பிறகு வீட்டில் நிம்மதி நிலவுவதாக எழுதினார். அதைப் படித்த நான்காமவருக்குக் கோபம் வந்து, இருவரும் எந்த எடிட்டர் உயர்ந்தது என்று மோதிக்கொண்டார்கள். பங்காளிச் சண்டை தோற்றது. நடுவில் நான் கேட்ட கேள்வி மிதிபட்டுக் கிடந்தது. கடைசியில் முகமறியாத ஒருவன் வந்து, "எனக்கும் இதே பிரச்சினை" என்றான். எனக்கு ஒரு துணை கிடைத்தது என்று நெஞ்சு குளிர்ந்தது. மறுநாளே அவன் "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை. அவனை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. என்னுடையது ஒருவாறு தானாகவே சரியானது. எப்படி என்று எனக்கும் தெரியாது.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டேன். இவை வேலை சம்பந்தப்பட்டவை, வேலை போனால் போகட்டும் என்று இருக்கலாம். இனிமேல் எழுதப்போவதைச் சகித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

குழந்தை பிறந்த சேதியை நீதான் போனில் சொன்னாய். "பொண்ணு பொறந்திருக்கு அத்தான். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க." எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அன்று சாயங்காலமே மெயில் வந்தது. தலைப்பில் "அப்பாவுக்கு" என்று இருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

இதே மெயில் வேறு எந்த வீட்டுக்கு வந்திருந்தாலும் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் வெறும் தாளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. நீ கூடப் பிறந்தவன், ஆனால் உன் அக்காவோடு குடித்தனம் நடத்தியவன் நான், அதனால் உனக்கு இது தெரிந்திருக்காது. நான் பதிப்பகத்துக்குப் போய் வேலை பார்த்த காலத்தில் அவள் என் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் ஒரு சிறு தாள் வைப்பாள். வரும்போது என்ன வாங்கிவர வேண்டும், யார் வந்து போனார்கள், இப்படி ஏதாவது எழுதியிருக்கும். கோபம் வந்தால் வெறும் தாள் வைப்பாள். தாளே வைக்காமல் இருக்க மாட்டாள், அது மறதி என்று ஆகிவிடும் பார். வெறும் தாள் என்றால் உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். நானும் சளைத்தவனா? அதே தாளை மடித்து டப்பாவில் வைத்துத் திருப்பி அனுப்புவேன். யார் முதலில் எழுத்துப் போடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். சில சமயம் வாரக்கணக்கில் அந்த ஒரே தாள் போய்ப் போய் வந்து மடிப்பில் கிழிந்துவிடும். எங்கள் மகள் அந்த டப்பாவைக் கழுவி வளர்ந்த பெண். அவளுக்கு இந்த பாஷை தெரியும்.

ஆகவே காலி மெயிலைப் பார்த்ததும் நான் கோளாறு என்று நினைக்கவே இல்லை. மற்றவர்களுடைய மெயிலில் எழுத்து தெரிகிறதே. இவள் வேண்டுமென்றுதான் அனுப்பியிருக்கிறாள், பிள்ளை பிறந்ததைக்கூட என்னிடம் சொல்ல மனமில்லை, மாமனிடம் சொல்கிறாள், தகப்பனுக்கு வெறும் தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அனுப்பவென்று வாழ்த்து ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதை அழித்தேன். பதில் போடும் இடத்தைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். அடுத்த வாரமும் "அப்பாவுக்கு" என்று ஒரு காலி மெயில். நானும் காலிப் பதில். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாரம் தவறாமல் அனுப்பினாள். என் மகள் அம்மாவை விஞ்சிவிட்டாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. இப்படியே மாதங்கள் போயின.

போன வாரம் நீ கூப்பிட்டாய். ஆடிக்கொரு தரம் நீயாகக் கூப்பிடுவாய், அன்று வந்த குரலே சரியில்லை. "அத்தான், கோவிச்சுக்காதீங்க. என்ன இருந்தாலும் குழந்தை போட்டோவப் பாத்துட்டு ஒரு வார்த்தை போடாம இருக்கறது நல்லாயில்ல. அவ ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்கா" என்றாய்.

"எந்த போட்டோடா?" என்றேன்.

"எழுதினாலும் சண்டை வந்துருமோன்னு வெறும் போட்டோவா வாராவாரம் மெயில்ல அனுப்புறாளே, அத்தான்."

"மெயில்ல ஒண்ணுமே இல்லையேடா, காலியாத்தானே வருது" என்றேன். பிறகு நீ மெதுவாக, "ஓ" என்றாய். அந்த ஓ இன்னும் என் காதில் இருக்கிறது. "அது வந்து அத்தான், டெக்ஸ்ட் எடிட்டர்ல படம் வந்தா மெதுவாயிரும்னு நான்தான் படத்த ஆஃப் பண்ணி வச்சேன். உங்களுக்கு யாரு படம் அனுப்பப் போறான்னு நினைச்சேன்."

எனக்கு யார் படம் அனுப்பப் போகிறார்கள். இதை நீ எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். போன் வேண்டாம் என்ற ஒப்பந்தம் எக்கேடும் கெடட்டும் என்று கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் பேத்தியின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "படம் எதுவும் தெரியலம்மா. உன் மாமன் ஒரு ப்ளக்இன் போட்டான், அதுல எழுத்து மட்டும்தான் தெரியும், நீ காலியா அனுப்புறன்னு நினைச்சு…" என்று நான் குழறினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்பா, எந்த ஊர்ல மெயில்ல போட்டோ தெரியாம இருக்கும்? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர் மேல எதுக்குப் பழியப் போடுறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன், படித்துப் பார் என்று கெஞ்சினேன். "சரி. எழுதுங்க. படிக்கிறேன்" என்று வைத்தாள்.

எழுதுவதற்கு முன் படங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீ செய்தியில் அனுப்பிய ஒற்றை வரியை கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தேன். எடிட்டர் திறக்கவே மறுத்தது. இந்தத் தடவை அடைப்புக்குறியை விட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதைப் போட்டதும் திறந்தது. முதல் மெயிலைத் திறந்தேன். படத்துக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த பிதற்றல் வரிகள். ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. கீழே இறக்கிக்கொண்டே போனேன். முடியவில்லை. பக்கம் பக்கமாக நீண்டது. இதுதான் உங்கள் பேத்தி அத்தான், கம்ப்யூட்டர் படத்தை இப்படித்தான் எழுத்தாக வைத்திருக்கும், இன்னொரு செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று நீ செய்தி அனுப்பினாய். காலமெல்லாம் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று தேடியவன் நான். அதில் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இன்னொரு செட்டிங்கையும் மாற்றினேன். படம் வந்தது. திரை முழுக்க ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது. கீழே இறக்கினால் ஒரே தாவாக அடுத்த மெயிலுக்குப் போய்விட்டது, அங்கே இன்னொரு நெற்றி. சன்னலை இழுத்துச் சுருக்கி, சுருக்கி, கடைசியில் முழு முகத்தையும் பார்த்தேன் மச்சான். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய முகம். அடுத்த வாரம் கண் திறந்திருக்கிறது. அதற்கப்புறம் குப்புற விழுந்திருக்கிறது, தலையைத் தூக்குகிறது, பல் தெரியச் சிரிக்கிறது. ஒன்றில் என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு, தூக்கமில்லாத கண்ணோடு, நேரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கென்று சிரித்த சிரிப்பு அது. அதற்கு நான் ஒரு மணி நேரத்துக்குள் வெறும் பதில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் என் பெயரும் காலி இடமும். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கேட்டால் சளி என்று சொல்வதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அவளுக்கு எழுதினேன். அவளுடைய மெயிலுக்குப் பதிலாகப் போட்டால் இன்னொரு காலிப் பதில் என்று நினைத்துத் திறக்காமல் விட்டுவிடுவாளோ என்று புதிதாக ஒரு மெயில் திறந்து எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அவள் அம்மாவின் வெறும் தாளைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு படத்தையும் பற்றி, என்ன சட்டை, என்ன பார்வை என்று அடைவு போட்டது மாதிரி எழுதினேன். அவளோடு வந்து இருக்கிறேன் என்று எழுதினேன். அதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அனுப்பினேன்.

நேற்று அவளிடமிருந்து பதில் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். மறுபடியும் காலி. நீ சொன்ன இரண்டு செட்டிங்கும் அப்படியேதான் இருக்கின்றன, பழைய படங்கள் எல்லாம் தெரிகின்றன, இது மட்டும் தெரியவில்லை. இத்தனை பெரிய கடிதத்துக்கு அவள் என்ன பதில் அனுப்பியிருக்கிறாளோ, குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாளோ, எதையும் பார்க்க முடியாமல் உன் ப்ளக்இன்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ உடனே புறப்பட்டு வந்து இந்தச் சனியனைக் கழற்றி, பழையபடி மெயிலை மெயிலாகப் பார்க்கும்படி செய்துவிட்டுப் போக வேண்டும். வருவதற்கு முன், அவள் இருக்கிற ஊரிலேயே இருக்கிறாய் அல்லவா, நேரில் போய் அவள் எதிரில் நின்று, படத்தை அணைத்து வைத்தது நீதான், அவள் அப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். இத்தனை மாதமாக என் பேத்தியை என் கண்ணிலிருந்து மறைத்தவன் நீ. இதைச் செய்யாவிட்டால் உனக்கும் எனக்கும் உறவு இன்றோடு சரி. உன் அக்கா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள்.

மற்றபடி உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல், யாருடைய உதவியும் தேவைப்படாமல், முக்கியமாக உன்னுடைய உதவி தேவைப்படாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய குற்றத்துக்காக உனக்கு அத்தான் ஆனவன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உன்னைத் திட்டுவதென்றால் ஆதாரத்தோடு திட்ட வேண்டும் என்று நேற்று வந்த மெயிலை அதன் மூல வடிவில் திறந்து பார்த்தேன். படம் இருந்தால் பக்கம் பக்கமாகப் பிதற்றல் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியுமே. அனுப்பியவர், பெறுபவர், தேதி, தலைப்பு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கீழே கீழே போய்ப் பார்த்தேன். பிதற்றலும் இல்லை. ப்ளக்இன் எதையும் மறைக்கவில்லை. அவள் நிஜமாகவே காலியாகத்தான் அனுப்பியிருக்கிறாள்.

ஏன் என்று புரியாமல், நான் அனுப்பிய மெயிலைத் திறந்தேன். அதுவும் காலி. புது மெயில் திறந்தால் நடுவில் ஒரு கோடு வருகிறது அல்லவா, அதன் மேல் ஆங்கிலத்தில் இதற்குக் கீழே எழுதுக என்று போட்டிருக்கிறது. பதில் போடும்போது கர்சர் தானாகவே கோட்டுக்குக் கீழே போய் நின்றுகொள்ளும், அதனால் நான் இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை. புது மெயிலில் அது மேலே நின்றது. எனக்குப் புத்தகம்தான் தெரியும். புத்தகத்தில் கோட்டுக்குக் கீழே வருவது அடிக்குறிப்பு, விஷயம் முழுக்கக் கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும். என் மகளிடம் அடிக்குறிப்பாக எதையும் சொல்லக் கூடாது என்று, முகவரிக்கு அடியிலிருந்தே ஆரம்பித்து அத்தனையையும் கோட்டுக்கு மேலேயே எழுதியிருக்கிறேன். கோட்டுக்கு மேலே இருந்ததை ப்ளக்இன் தூக்கி எறிந்துவிட்டு, கீழே இருந்த வெறும் இடத்தை ஒழுங்காக அனுப்பியிருக்கிறது. விவரமாக எழுதுகிறேன், படித்துப் பார் என்று கெஞ்சிய அப்பனிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. கழற்ற வர வேண்டாம். சாட்சி சொல்லவும் போக வேண்டாம், இனி நீ சொன்னாலும் நம்ப மாட்டாள், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். இன்னொரு மெயில் எழுதலாம், ஆனால் அதை அவள் திறப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். இது அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே. தெரிந்தால் கதவைத் திறக்க மாட்டாள்.